கடதாசிக்குச் சுடும் தோட்டா

தம்பிக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ வந்து அப்பாவின் துவக்கை எடுத்துக்கொண்டு போவதற்கு முன் இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்க வேண்டும். டெலிபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் டெலிபோனில் நான் இரண்டு வசனம் சொல்வதற்குள் நீ ‘ஓகே அம்மா, ஓகே அம்மா’ என்று ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. முதல் வேலைக்குப் போகிற மகனுக்குத் தாய் எழுதும் கடிதத்தில் நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்குக் கம்பளி போடு என்றெல்லாம் இருக்க வேண்டும். அதெல்லாம் நீ கேட்கப்போவதில்லை என்பதால் விட்டுவிடுகிறேன். மாட்டு வைத்தியம் படிக்கிறேன் என்று சிட்னிக்குப் போய், ஹோம்புஷ் அறையில் இருந்த வருடங்களில் நீ என்னென்ன சாப்பிட்டாய் என்று எனக்குத் தெரியாது என்றும் நினைக்காதே. மச்சம் மாமிசம் நுழையாத வீட்டுப் பிள்ளை விடுமுறைக்கு வந்தால் அவனுடைய சட்டையைத் தோய்ப்பவளுக்கு எல்லாம் தெரியும். அதைப் பற்றியும் இப்போது நான் சண்டை பிடிக்க வரவில்லை.

நீ போன வியாழக்கிழமை சொன்னதையே திரும்ப எழுதுகிறேன், நீ சொன்னது உனக்கே நினைவிருக்காது. “அம்மா, கால் முறிஞ்ச மாடு பத்தைக்குள்ள கிடந்தா ஊசியோட கிட்டப் போக ஏலாதாம். அவரவருக்கு ஒரு துவக்கு வேணுமெண்டு பெரிய டொக்டர் சொல்லுறார். அப்பான்ர சும்மாதானே அலுமாரிக்குள்ள கிடக்குது. ரெண்டு பெட்டி தோட்டாவும் இருக்கெல்லே, அது காணும் எனக்கு” என்றாய். பிறகு சிரித்துக்கொண்டு, “அப்பான்ர கை குறி தப்பாத கை. முதல் ஒரு கிழமை என்னோட வந்து நிண்டாரெண்டா எனக்குப் பயமில்லை” என்றாய். நான் “கேட்டுச் சொல்லுறன்” என்று வைத்துவிட்டு அந்த இடத்திலேயே கதிரையை இழுத்து உட்கார்ந்தேன். தம்பி, அந்த இரண்டு பெட்டி உனக்குக் காணாது, உதவாது. அது கடதாசிக்குச் சுடும் தோட்டா. அதை ஒரு உயிரின் முன்னால் வைத்துச் சுட்டால் என்ன நடக்கும் என்று இந்த வீட்டில் இரண்டு பேருக்குத் தெரியும். உனக்கு நாங்கள் சொல்லவில்லை.

தோட்டாவைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று நீ கேட்பாய். ஒரு மனிதன் வருடக்கணக்காகச் சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டு மேசையில் அதையே பேசினால் ஊமையும் படித்துவிடுவாள். அவருடைய சுடுகிற மேலங்கிக்கு முழங்கையில் தோல் வைத்துத் தைத்தவள் நான்தான். பித்தளைக் குழல் இரண்டுக்கும் ஒன்றுதான், உள்ளே மருந்தும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் முனையில் இருந்து பறக்கும் குண்டில், சன்னத்தில். அப்பாவின் சுடுகிற கிளப்பில் கொடுக்கும் தோட்டாவின் சன்னத்துக்கு மூக்கு நுனிவரை செம்புத் தோல் போர்த்தியிருக்கும். அது நசியாது. ஒவ்வொன்றும் மற்றதைப் போலவே பறக்கும், அதனால்தான் அரை மைலுக்கு அப்பால் இருக்கும் கடதாசியில் சாப்பாட்டுத் தட்டளவு இடத்துக்குள் எல்லாவற்றையும் போட முடிகிறது. கடதாசிக்கு ஒரு ஓட்டை விழுந்தால் போதும். வேட்டைக்காரர்களின் தோட்டாவில் மூக்கு நுனி ஈயம், செம்புத் தோல் இல்லாத வெறும் ஈயம். அது தசைக்குள் போனதும் சுத்தியலால் அடித்த ஆணித்தலைபோல நசிந்து அகலும். தன் வேகம் முழுவதையும் உள்ளேயே செலவழித்து அங்கேயே நிற்கும். தூரத்துக்குப் போனால் அது மற்றதைப்போல ஒழுங்காகப் போகாது என்று போட்டிக்காரர்களுக்கு அதைக் கண்டால் இளக்காரம். அப்பா அதை ‘பொறுக்கித் தோட்டா’ என்று சொல்வார். விடுமுறையில் நீயும் கேட்டுச் சிரித்திருக்கிறாய்.

அப்பா ஏன் சுடப்போனார் என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் கிளென் வேவர்லியில் நமக்குப் பேச ஆள் கிடையாது. ரயில் வந்து முடியும் இடம், அதற்கு அப்பால் பழத்தோட்டங்கள். வேலையிடத்தில் ஒருவர் கூட்டிக்கொண்டு போக, கடலோரத்துச் சுடுதிடலில் அவர் முதல் முறையாகப் பாயை விரித்துக் குப்புறப் படுத்தார். அவருக்குப் பக்கத்து இடம் வெறுமையாகக் கிடந்ததாம். எல்லோரும் தள்ளித் தள்ளிப் பாயை விரித்தார்களாம். கெவின்தான் தன் பாயைத் தூக்கிக்கொண்டு வந்து அவருக்குப் பக்கத்தில் விரித்து, காற்றைப் பார்க்கக் கொடியை எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தவர். கிப்ஸ்லாண்டில் மாட்டுப் பண்ணை வைத்திருந்த கெவினை உனக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அவருடைய மனைவி ஜோனிடம் பால் கறக்கப் படித்ததும், மோலி என்ற அந்த வீட்டுப் பசுவைக் கட்டிக்கொண்டு நின்று ‘நான் மாட்டு டொக்டராத்தான் வருவன்’ என்று அடம் பிடித்ததும் அந்தப் பண்ணையில்தானே. மனிதருக்கு வைத்தியம் பார்க்கிற டொக்டராக உன்னைப் பார்க்க நான் கும்பிட்டதெல்லாம் மோலியோடு போயிற்று. “கடதாசிக்கு உயிர் இல்லை, அதனால் எனக்கு இது பாவமில்லை” என்று அப்பா சொல்லிக்கொண்டு சுட்டார். கிளப்பில் அவருக்குச் சைவச் சுடுகாரன் என்று பகிடி.

நீ சிட்னியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது மாட்டு விலை விழுந்தது. சந்தைக்கு ஏற்றிப்போகும் லொறிக்கூலிகூடக் கிடைக்காது என்று வந்தது. அந்தக் கோடையில் மழையும் இல்லை, புல்லும் இல்லை. மாடுகளை வைத்துப் பட்டினி போடுவதா, சுட்டுக் குழியில் போடுவதா என்ற நிலைமைக்குப் பண்ணைகள் வந்துவிட்டன. கெவின் ஒரு ஞாயிறு நம் வீட்டுக்கு வந்து தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தார். தேத்தண்ணீர் ஆறிப்போயிற்று. “பாதியை நானே தாயின் வயிற்றிலிருந்து இழுத்து எடுத்தேன், நண்பா. என்னால் முடியாது. உனக்கு அவற்றைத் தெரியாது. நீ செய்வாயா?” என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தன்னை மன்னிக்கும்படியும் சொன்னார். எங்கள் ஆட்கள் பசுவை எப்படிப் பார்ப்பார்கள் என்று அந்த மனிதருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்க வேண்டி வந்ததற்காகக் கூனிப்போய் இருந்தார்.

அவர் போன பிறகு நான் விடவில்லை. “நீங்கள் சைவக்காரர். பசுவைச் சுடப் போறீங்களோ? உங்கட அம்மா கேட்டா என்ன சொல்லுவா?” என்றேன். அப்பா கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. “அவன் சுட்டா கை நடுங்கும். ஒரு மாட்டுக்கு ரெண்டு வெடி, மூண்டு வெடி வைக்க வேண்டி வரும். நான் சுட்டா ஒண்டோட முடியும். எது பாவம் எண்டு நீர் சொல்லும் பாப்பம்” என்றார். எது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் கோபம் மட்டும் எனக்குப் போகவில்லை, அந்தக் கோபத்தோடுதான் நானும் காரில் ஏறினேன். ஜோன் தனியே இருக்கப்போகிறாளே என்று போனேன்.

காலையில் பட்டியடியில் காரை நிறுத்தியபோது மாடுகள் எல்லாம் உள்ளே அடைத்திருந்தன, மோலியை மட்டும் தனியே பக்கத்துச் சின்னப் பட்டிக்குள் விட்டிருந்தார்கள். வீட்டுக்குப் பால் வேண்டும் என்று ஜோன் அவளை மட்டும் கேட்டு வாங்கியிருந்தாள். மற்றவற்றோடு கலந்துவிடக் கூடாது என்று பிரித்து வைத்தது. கெவின் தன்னுடைய தோட்டாப் பெட்டியை நம் காரின் முன்பக்கத்தில் வைத்து, “இதுதான் மாட்டுக்குச் சரி” என்றார். அதே அளவு, அந்த ஈய மூக்குத் தோட்டா. அப்பா ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். தன் துவக்கின் குறிக்கண்ணைத் தன் தோட்டாவுக்கு என்று திருகி வைத்திருப்பதாகவும், தோட்டாவை மாற்றினால் சன்னம் விழும் இடமும் மாறும் என்றும் சொன்னார். அது பொய்யில்லை. ஆனால் அது தூரத்துக்கு. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற தூரத்தில் நிற்கும் மாட்டுக்கு என்ன காற்று, என்ன கோணல்! நேராகப் போகிற சன்னம்தான் இரக்கமுள்ள சன்னம் என்று அவர் நினைத்தார். நல்ல மனிதன் செய்யும் பிழை அப்படித்தான், தனக்கு எது நன்றாகத் தெரியுமோ அதையே எல்லாவற்றுக்கும் கொண்டுபோவான்.

ஜோனும் நானும் குசினிக்குள் இருந்தோம். அவள் ரேடியோவை உரக்கப் போட்டாள், ஏதோ குதிரைப் பந்தயம். பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். வெறுங்கோதைக் கிண்ணத்திலும் பட்டாணியைக் குப்பைக் கூடையிலும் போட்டுக்கொண்டிருந்தாள். வெளியே ஒரு வெடி, பிறகு இடைவெளி, பிறகு ஒரு வெடி. அவர் திடலில் சுடுவதுபோலவே அவசரமில்லாமல் கேட்டது. ஒரு மாட்டுக்கு ஒன்றுதான் என்று எனக்கு விளங்கியது. மனதுக்குள் ஒரு மாதிரி அமைதிகூட வந்தது என்று சொன்னால் நீ என்னை என்ன நினைப்பாயோ. பிறகு ஒரு வெடி கேட்டது, அதோடு ஒரு கதறல். அதுவரை கேட்ட சத்தம் எதுவும் அப்படி இல்லை. கெவின் ஏதோ கத்தினார். பலகை முறிகிற சத்தம். ரேடியோவில் குதிரைகள் ஓடிக்கொண்டிருந்தன.

மோலி வந்தாள், தம்பி. அவளை விற்றுவிட்டார்கள் என்று நான் உனக்கு எழுதியது பொய். அப்பா சுட்ட மாட்டின் கழுத்துக்குள்ளால் போன சன்னம் மறுபக்கம் வெளியே வந்து, பட்டிப் பலகைகளின் நடுவால் போய் அவளுடைய வயிற்றில் ஏறியிருந்தது. ஈய மூக்கு என்றால் முதல் மாட்டுக்குள்ளேயே நின்றிருக்கும். அவள் படலையை முறித்துக்கொண்டு, தினமும் பால் கறக்க வருகிற இடத்துக்கே வந்தாள். அது குசினிக் கதவுக்கு நேரே. தலையைக் கதவுப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றாள். ஜோன் பழக்கத்தில் எழுந்து வாளியைக் கையில் எடுத்துவிட்டாள். எடுத்த பிறகுதான் அவளுடைய கண் மோலியின் காலடிக்குப் போனது. நான் ‘முருகா’ என்று கத்தியது மட்டும் எனக்குத் தெரியும்.

அப்பா துவக்கோடு ஓடிவந்தார். கெவின் பின்னால் வந்து, பாதி வழியிலேயே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். அப்பா மோலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜோனைப் பார்த்தார். ஜோன் வாளியைக் கீழே வைத்துவிட்டு “முடித்துவிடு” என்றாள், அவ்வளவுதான். அப்பா திரும்பிக் காரடிக்குப் போய்க் கெவினின் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். இந்த முறை அவளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சுற்றிப் போய்ப் பார்த்து, வெறும் மண்திட்டு இருக்கும் பக்கமாக நின்று சுட்டார். அவள் கால் மடிந்து சரிந்தாள். சன்னம் வெளியே வரவில்லை. அதன் பிறகும் பட்டியில் பாதி மாடுகள் உயிரோடு நின்றன. கெவின் எழும்பவில்லை. அப்பா அந்த ஈய மூக்குப் பெட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு பட்டிக்குத் திரும்பிப் போனார். ரேடியோவை எங்களில் ஒருத்தி நிறுத்தியிருந்தாள். கடைசி மாடுவரை எல்லாம் எங்களுக்குக் கேட்டது.

வீட்டுக்குத் திரும்பி வந்து பார்த்தால் காரின் பின்சீட்டில் ஒரு போத்தல் பால் இருந்தது. மோலியிடம் அன்று காலையில் கறந்தது, நாம் போகும்போதெல்லாம் ஜோன் வைத்துவிடுவாளே, அன்றும் கை தன்பாட்டில் வைத்திருக்கிறது. நான் அதைத் தொட்டியில் ஊற்றப் போனேன். “ஊத்தாதேயும்” என்று அப்பா வாங்கி, நின்றபடியே முழுவதையும் குடித்தார். கண்ணால் தண்ணீர் ஓடியது, துடைக்கவும் இல்லை. அன்றிலிருந்து அவருக்கு வெறுந்தேத்தண்ணீர்தான். டொக்டர் பாலை நிறுத்தச் சொன்னார் என்று உனக்கு நான் சொன்னதும், தோள் நோவால் சுடப்போவதை விட்டுவிட்டார் என்று சொன்னதும் ஒரே பையில் இருந்து எடுத்த பொய்கள். ஊரில் என்றால் ஒரு கோயிலுக்குப் போய், ஐயரைக் கேட்டு, பசுவைக் கொன்ற பாவத்துக்கு ஏதாவது பிராயச்சித்தம் செய்திருப்பார். இங்கே கோயிலும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. சுவாமிப் படங்கள் இருக்கும் அறைக்கு வெளியே, வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறார். உள்ளே வாருங்கள் என்று ஆரம்பத்தில் நான் கூப்பிடவில்லை, எனக்கு ஆத்திரம். பிறகு கூப்பிட்டேன், அவர் வரவில்லை.

வெள்ளிக்கிழமை நீ கேட்டதை அவரிடம் சொன்னேன். மாட்டேன் என்று சொல்லுவார், விஷயம் அதோடு முடியும் என்றுதான் நான் ஆசைப்பட்டேன். உன் கையிலும் அது வருவதை நான் விரும்பவில்லை, அதை ஒளிக்காமல் சொல்கிறேன். அப்பா துவக்கை வெளியே எடுத்து, குசினி மேசையில் பழைய பேப்பர் விரித்து, எண்ணெய் போட்டுத் துடைத்தார். “டொக்டர் கையில துவக்கு இல்லாட்டி அந்த மாடு ராத்திரி முழுக்கக் கிடந்து சாகும். குடுக்கத்தான் வேணும்” என்றார். மறுநாள் ரயிலேறிப் பட்டணத்துக்குப் போய் ஈய மூக்குத் தோட்டா ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு வந்தார். “என்ன மிருகத்துக்கு எண்டு கடைக்காரன் கேட்டான். மாட்டுக்கு எண்டு சொன்னன்” என்று என்னிடம் சொல்லிவிட்டு, நெடுநேரம் கை கழுவினார். பழைய இரண்டு பெட்டியையும் கிளப்பில் திருப்பிக் கொடுத்தாயிற்று, நீ தேடாதே.

உனக்கு நேரே சொல்லச் சொன்னேன். “நீர் எழுதும். நான் சொன்னா அவன் என்ர முகத்தைப் பாப்பான்” என்றார். ஆகவே அவர் சொன்னதை எழுதுகிறேன். அது படுத்துக்கொண்டு சுடுவதற்குச் செய்த துவக்கு, நின்று பிடித்தால் பாரம், எதிலாவது சாய்த்துக்கொள். குறிக்கண் இன்னும் பழைய தோட்டாவுக்கே இருக்கிறது, ஆகவே முதலில் ஒரு மண்திட்டுக்குச் சுட்டுப் பார்த்துத் திருத்திக்கொள். “மாட்டை மட்டும் பாக்க வேண்டாம் எண்டு சொல்லும். மாட்டுக்குப் பின்னால என்ன நிக்குது எண்டு பாத்துப்போட்டுச் சுடட்டும். ஈய மூக்கெண்டாலும் பாக்கட்டும்” என்றார். உன்னோடு முதல் கிழமை வந்து நிற்க முடியுமா என்று நீ கேட்டதையும் சொன்னேன். அவர் எழும்பித் துவக்கை உறைக்குள் போட்டார், நீ திரும்பக் கேட்காதே.

இதற்கு மேலே ஒரு வரி வெட்டிக் கிடக்கும். அது நான் எழுதிய வரி. சுடுவதற்கு முன் அந்த வீட்டுப் பெண்களைக் குசினிக்குள் போய் இருக்கச் சொல் என்று எழுதியிருந்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து கடிதம் முழுவதையும் என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தார். என் கோபத்தையும் அவருடைய பிழையையும் எழுதிய இடங்களில் ஒரு சொல்லையும் மாற்றச் சொல்லவில்லை. அந்த வரி வந்ததும் பேனையை என் கையிலிருந்து வாங்கி அதை மட்டும் வெட்டினார்.

“உமக்கு எல்லாம் கேட்டதுதானே?” என்றார்.

இத்தனை வருடத்தில் அந்த நாளைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

“ஓம்” என்றேன். “எல்லாம் கேட்டது.”

அவர் என் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அப்படியென்றால் அவர்களை எங்கே போய் இருக்கச் சொல்வது என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, தம்பி. வெட்டிய வரிக்குக் கீழே இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.

அம்மா